போருக்குப் பிந்தைய அமெரிக்க விலைகளைப் படிப்பது எப்படி: 1945 முதல் 1950 வரை

ரொட்டி 12 சென்ட், பெட்ரோல் 23 சென்ட், சினிமா டிக்கெட் 40 சென்ட், முதல்தர அஞ்சல்தலை 3 சென்ட். போர் முடிந்த காலத்து அமெரிக்காவைப் பற்றி எதை எடுத்தாலும் இப்படி ஒரு பட்டியல் முன்னால் நிற்கும். படிப்பவர் "அடேயப்பா, அவ்வளவு மலிவா!" என்று வாயைப் பிளந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அந்தப் பட்டியலில் மாதம் இருக்காது, ஊர் இருக்காது, வரி இருக்காது, வாங்கியவரின் கூலியும் இருக்காது. அந்தக் காலத்தை வைத்துக் கதை எழுதுபவர், பழைய பத்திரிகையை மொழிபெயர்ப்பவர், விளம்பரங்களைச் சேர்ப்பவர் எவருக்கும் அது பாதிக்கணக்குதான்.

ஒரு விலை கையில் கிடைத்தால் இந்த வரிசையில் கேளுங்கள்: எந்த மாதம்? அச்சான விலைக்கு மேல் என்னென்ன சேரும்? எவ்வளவு எடைக்கு? சம்பாதிக்க எத்தனை நிமிட வேலை? கடையில் உண்மையிலேயே கிடைத்ததா? இன்றைய டாலருக்கு மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் செய்தால் மற்றதெல்லாம் மறந்துவிடும்.

மாதம் தெரியாத விலை

"1946-ல் இறைச்சி விலை" என்று ஒரே எண்ணாகச் சொல்லவே முடியாது. போர்க்காலத்தில் விலைகளுக்கு உச்சவரம்பு வைத்தது ஓ.பி.ஏ. என்ற விலை நிர்வாக அலுவலகம். அதன் சட்டம் 1946 ஜூன் 30 அன்று காலாவதியானது. ஜூலை 25 அன்று வலுக் குறைந்த புதுச் சட்டம் வந்தது. இடைப்பட்ட வாரங்களில் விலைகள் துள்ளின. பிறகு இறைச்சிக்கு மீண்டும் வரம்பு போட்டார்கள். மாடு வளர்த்தவர்கள் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்க, இறைச்சிக் கடைகள் காலியாகிவிட்டன. அக்டோபர் 14 அன்று அதிபர் ட்ரூமன் இறைச்சி மீதான கட்டுப்பாட்டை நீக்கினார். நவம்பர் 9-க்குள் வாடகை, சர்க்கரை, அரிசி தவிர அநேகமாக எல்லாமே விடுபட்டன.

எண்ணில் பார்த்தால், இன்று பயன்படும் நுகர்வோர் விலைக் குறியீடு 1946 ஜூனில் 18.7, டிசம்பரில் 21.5. ஆறே மாதத்தில் 15 சதவீத ஏற்றம். 1947 டிசம்பரில் 23.4 ஆனது, 1948 ஆகஸ்டில் 24.5 வரை போனது, 1949-ல் சற்றே இறங்கியது. 1950 ஜூன் 25 அன்று கொரியப் போர் தொடங்கியதும் சனங்கள் சர்க்கரை, காபி, நைலான், டயர் என்று வாங்கிக் குவித்தார்கள். விலை மறுபடி ஏறியது. 1951 ஜனவரி 26-ல் அரசு பொதுவான விலை உறைவு அறிவித்தது. ஆகவே குறிப்பேட்டில் ஆண்டை மட்டும் எழுதாதீர்கள். 1946 என்றால் ஜூனுக்கு முன்னா பின்னா, 1950 என்றால் கொரியாவுக்கு முன்னா பின்னா என்று கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. ரேஷன் வேறு, விலைக் கட்டுப்பாடு வேறு. ரேஷன் என்பது எவ்வளவு வாங்கலாம் என்ற அளவு. கட்டுப்பாடு என்பது எவ்வளவுக்கு விற்கலாம் என்ற வரம்பு. பெட்ரோல் ரேஷனும் டின் காய்கறி ரேஷனும் 1945 ஆகஸ்ட் 15-ல் போயின. காலணிக்கு அக்டோபர் 30, இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் நவம்பர் 23, டயருக்கு அந்த ஆண்டுக் கடைசி நாள். சர்க்கரை மட்டும் 1947 ஜூன் வரை கூப்பனில்தான் கிடைத்தது. 1946 கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்யும் பாத்திரம் சர்க்கரைக் கூப்பனை எண்ணிப் பார்க்கலாம். இறைச்சிக்குச் சிவப்பு டோக்கன் நீட்டினால் தப்பு.

தேதி கிழிந்துபோன விளம்பரமோ கடிதமோ என்றால் துப்புகளைத் தேடுங்கள். நியூயார்க் சுரங்க ரயில் கட்டணம் 5 சென்ட் என்றிருந்தால் அது 1948 ஜூலை 1-க்கு முந்தையது. அன்றுதான் 10 சென்ட் ஆனது. சாதாரண அஞ்சலட்டை 1 சென்ட் என்றால் 1951 முடிவுக்குள். நீண்ட நேரம் ஓடும் எல்.பி. இசைத்தட்டைக் குறிப்பிட்டால் 1948 ஜூனுக்குப் பின், நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் தட்டு என்றால் 1949 மார்ச்சுக்குப் பின். தபால்காரர் காலை ஒரு தரம், பிற்பகல் ஒரு தரம் வீட்டுக்கு வருகிறார் என்றால் 1950 ஏப்ரலுக்கு முன். அதன் பிறகு குடியிருப்புப் பகுதிகளில் ஒரு தரம்தான். முகவரியில் ஊர்ப் பெயருக்குப் பின் ஓரிலக்க அல்லது ஈரிலக்க மண்டல எண் இருப்பது 1943-ல் வந்த பழக்கம். ஐந்திலக்க எண் தெரிந்தால் அது 1963-க்குப் பிந்தையது, சந்தேகமே வேண்டாம்.

அச்சில் இருப்பது வேறு, பர்ஸிலிருந்து போவது வேறு

பெரும்பாலான தவறுகள் இங்கேதான். போர்ச் செலவுக்காக 1944 ஏப்ரல் 1 முதல் கூட்டிய மத்திய கலால் வரிகள் போர் முடிந்தும் ஏறக்குறைய பத்தாண்டு நீடித்தன. 1954-ல்தான் கணிசமாகக் குறைந்தன. நகை, கம்பளித்தோல் கோட், அழகுசாதனப் பொருள், பெட்டி-பை வகைகள் எல்லாவற்றுக்கும் சில்லறை விலையில் 20 சதவீதம். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் "வரி தனி" என்று போட்டிருப்பார்கள். 1 டாலர் உதட்டுச் சாயம் கல்லாவில் 1.20 ஆகும். ரயில், பஸ், விமானப் பயணத்துக்கு 15 சதவீதம். 20 டாலர் டிக்கெட்டுக்கு 23 எடுத்துவைக்க வேண்டும். வெளியூர் தொலைபேசி அழைப்புக்கு 25 சதவீதம். வானொலிப் பெட்டிக்கு 10 சதவீதம் தயாரிப்பாளரிடமே வசூலாகிவிடும், ஆகவே அது பெரும்பாலும் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். தொலைக்காட்சிப் பெட்டிக்கு அந்த 10 சதவீதம் 1950 நவம்பரில்தான் வந்தது.

சினிமா டிக்கெட் கணக்கு கொஞ்சம் சுவாரசியமானது. ஒவ்வொரு 5 சென்ட்டுக்கும், அதன் பாதிக்கு மேற்பட்ட மிச்சத்துக்கும், 1 சென்ட் வரி. கொட்டகையின் விலை 33 சென்ட் என்று வையுங்கள். 30-க்கு 6 சென்ட், மிச்சம் 3 சென்ட் பாதிக்கு மேல் என்பதால் இன்னொரு சென்ட், ஆக வரி 7, மொத்தம் 40. 33 என்று ஒற்றைப்படையில் டிக்கெட் விலையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். வரி சேர்ந்ததும் முழுச் சில்லறையாக வரும்படி பின்னோக்கிக் கணக்கிட்ட விலை அது. 37-ஐ நீங்களே போட்டுப் பாருங்கள். 35-க்கு 7, மிச்சம் 2 சென்ட் பாதிக்குக் கீழே என்பதால் அதற்கு வரி இல்லை. மொத்தம் 44 வருகிறது. இப்படி ஒட்டாத எண் வந்தால் அந்த 37 வரி சேர்ந்த விலையா, சேராத விலையா என்று மறுபடி பாருங்கள்.

மாநில விற்பனை வரி ஊருக்கு ஊர் மாறும். நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், டெக்சஸ் போன்ற மாநிலங்களில் அப்போது விற்பனை வரியே கிடையாது. நியூயார்க் மாநிலத்துக்கும் இல்லை, ஆனால் நியூயார்க் நகரம் தன் கணக்கில் 1946 முதல் 2 சதவீதம் வாங்கியது. மிசூரியில் 2 சதவீதம். பத்து சென்ட் பொருளுக்கு 2 சதவீதம் என்றால் ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதை எப்படிக் கொடுப்பது? அதற்காகவே சென்ட்டில் பத்தில் ஒரு பங்கான "மில்" மதிப்பில் சிவப்பு, பச்சைப் பிளாஸ்டிக் வில்லைகள் வைத்திருந்தார்கள். சிவப்பு 1 மில், பச்சை 5 மில். ஒஹையோவில் வரி கட்டியதற்கு அச்சிட்ட சின்னச் சீட்டு தருவார்கள். கடைக் காட்சி எழுதும்போது ஊரை முடிவு செய்த பிறகே கல்லாப்பெட்டிக்கு வாருங்கள்.

கார் விளம்பரத்தில் "எஃப்.ஓ.பி. டெட்ராய்ட்" என்றிருந்தால் அது தொழிற்சாலை வாசல் விலை. கொண்டுவரும் கூலி, மத்திய வரி, ஹீட்டர், ரேடியோ எல்லாம் மேலே. இன்று கண்ணாடியில் ஒட்டும் விலைச்சீட்டைக் கட்டாயமாக்கிய சட்டம் 1958-ல்தான் வந்தது. அதற்கு முன் வாங்குபவருக்கு மொத்த விலை விற்பனையாளர் எழுதித் தரும் தாளில்தான் தெரியும். கட்டலாக் விலையிலும் இதே கதை. சியர்ஸ், மான்ட்கோமரி வார்ட் என்ற தபால்வழி விற்பனை நிறுவனங்களின் புத்தகங்களில் பொருளின் விலைக்குப் பக்கத்தில் அனுப்பும் எடையும் போட்டிருக்கும். பார்சல் கட்டணம் எடையையும் தூர மண்டலத்தையும் வைத்துத் தனி. கட்டலாக் அச்சாகி வீடு வந்து சேர்வதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும் என்பதால், விலை வேகமாக ஏறிய 1946–47-ல் கட்டலாக்கை மட்டும் நம்பக்கூடாது.

போத்தலுக்கு முன்பணம் உண்டு. 5 சென்ட் கோகோ கோலா கடையிலேயே நின்று குடித்தால் 5 சென்ட். போத்தலோடு வீட்டுக்கு எடுத்துப்போனால் பெரும்பாலும் 2 சென்ட் கூடுதல், போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பி வரும். காலிப் போத்தல் பொறுக்கி மிட்டாய் வாங்கும் பையன்கள் இந்தக் கணக்கில்தான் வாழ்ந்தார்கள்.

எதிர்த்திசையில் ஒரு விதியும் உண்டு. "நியாய விற்பனை" என்ற பெயரில் 45 மாநிலங்களில் இருந்த சட்டங்களின்படி, பிராண்டுப் பொருளின் குறைந்தபட்சச் சில்லறை விலையைத் தயாரிப்பாளரே கட்டிவைக்கலாம். பற்பசை, பேனா, மின்சாதனம் ஆகியவை பல கடைகளில் ஒரே விலையில் இருந்தது இதனால்தான். 1951-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதைத் தளர்த்திய பிறகே பெரிய கடைகளின் தள்ளுபடிச் சண்டை வெடித்தது. 1948-ல் பற்பசைக்குப் பேரம் பேசும் பாத்திரம் வேண்டாம்.

மார்ஜரினை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலச் சமையலறையை ஒரே பொருளில் காட்ட வேண்டுமென்றால் இதைவிட நல்லது கிடைக்காது. வெண்ணெய் உற்பத்தியாளர்களைக் காப்பாற்ற, மஞ்சள் நிறம் சேர்த்த மார்ஜரினுக்குப் பவுண்டுக்கு 10 சென்ட் மத்திய வரி, நிறம் சேர்க்காததற்கு வெறும் கால் சென்ட். அதனால் கம்பெனிகள் பன்றிக்கொழுப்பு போல வெள்ளையாக விற்றன, கூடவே ஒரு நிறமாத்திரை. பின்னர் பிளாஸ்டிக் பைக்குள்ளேயே நிறக்குமிழ் வந்தது. பையை வெளியிலிருந்தே அழுத்திக் குமிழை உடைத்து, வரிவரியாக இல்லாமல் ஒரே மஞ்சளாகும் வரை பிசைய வேண்டும். குளிரிலிருந்து எடுத்த உடனே பிசைந்தால் கட்டியாக நிற்கும். சற்று இளக விட வேண்டும். வழக்கமாக வீட்டுப் பிள்ளைகள் தலையில் விழும் வேலை. அந்த மத்திய வரி 1950 ஜூலை 1-ல் போனது, ஆனால் விஸ்கான்சின் தன் மாநிலத் தடையை 1967 வரை விடவில்லை.

எவ்வளவுக்கு இந்த விலை?

அளவு தெரியாவிட்டால் விலைக்கு அர்த்தமில்லை. பவுண்டு 454 கிராம், குவார்ட் 946 மில்லி, கேலன் 3.785 லிட்டர். உருளைக்கிழங்கு "பெக்" கணக்கில் போட்டிருந்தால் 15 பவுண்டு. டின்களில் அளவு எடையாக இராது, எண்ணாக இருக்கும்: 2-ஆம் எண் டின் ஏறக்குறைய 20 அவுன்ஸ், 303-ஆம் எண் 16 அவுன்ஸ், இரண்டரை எண் 28–29 அவுன்ஸ். "2-க்கு 25" என்றால் இரண்டும் சேர்த்து 25 சென்ட். ஒன்று மட்டும் வாங்கினால் 13. பெட்ரோல் விலையில் மேலே தொங்கும் 9/10 என்ற பின்னத்தை (சென்ட்டில் பத்தில் ஒன்பது பங்கு) விட்டுவிடாதீர்கள். மளிகை விளம்பரங்கள் வாரக் கடைசி வியாபாரத்துக்காக வியாழன், வெள்ளிப் பத்திரிகைகளில் வந்தன. அவற்றில் ஆளை இழுக்க நஷ்டத்துக்கு விற்கும் ஓரிரு சாமான்கள் இருக்கும். ஒரே விளம்பரத்தை வைத்து ஊர் விலையைத் தீர்மானிக்காமல் இரண்டு மூன்று வாரத் தாள்களைச் சேர்த்துப் பாருங்கள்.

கூலி நிமிடத்தில் மாற்றுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். 1947-ல் தொழிற்சாலைத் தொழிலாளியின் சராசரிக் கூலி மணிக்கு ஏறக்குறைய 1.22 டாலர், 1950-ல் 1.44. விலையைக் கூலியால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் நிமிடம் கிடைக்கும்.

1947-ன் சராசரி விலைகளில் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டு ரொட்டி 12.5 சென்ட், 6 நிமிடம். வீட்டுக்கு வரும் பால் ஒரு குவார்ட் 20 சென்ட்டுக்குச் சற்றுக் கீழே, 10 நிமிடம். ஒரு பவுண்டு காபி 47 சென்ட், 23 நிமிடம். ஒரு டஜன் முட்டை 70 சென்ட், 34 நிமிடம். ஒரு பவுண்டு வெண்ணெய் 80 சென்ட், 39 நிமிடம். மார்ஜரினைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்ததற்குக் காரணம் இதிலேயே தெரிகிறது. மூன்றாண்டு கழித்து 1950-ல் வெண்ணெய் 73 சென்ட்டுக்கும் முட்டை 60 சென்ட்டுக்கும் இறங்கியது. காபி மட்டும் 79 சென்ட்டுக்கு எகிறி 33 நிமிடமானது. "எல்லாம் ஏறியது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் இந்த வித்தியாசம் போய்விடும்.

யாருடைய கூலி என்பதும் முக்கியம். மத்தியக் குறைந்தபட்சக் கூலி 1945 அக்டோபர் முதல் மணிக்கு 40 சென்ட். 1950 ஜனவரி 25 அன்றுதான் 75 சென்ட் ஆனது. 40 சென்ட் கூலிக்காரருக்கு அதே ஒரு டஜன் முட்டை 1 மணி 45 நிமிட வேலை. பண்ணை வேலையாட்கள், வீட்டு வேலை செய்பவர்கள், கடைச் சிப்பந்திகளில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. 1947-ல் குடும்ப வருமானத்தின் இடைநிலை ஆண்டுக்குச் சுமார் 3,000 டாலர். வெள்ளையர் அல்லாத குடும்பங்களுக்கு அது வெள்ளையர் குடும்பங்களின் வருமானத்தில் பாதி அளவுதான். வேலை தேடும் போர்வீரர் என்றால் வாரம் 20 டாலர், அதிகபட்சம் 52 வாரம். கல்லூரியில் சேர்ந்த தனிக்கட்டை வீரருக்கு மாதப்படி முதலில் 50, 1946-ல் 65, 1948-ல் 75 டாலர். பாத்திரத்துக்கு முதலில் சம்பளம் வைத்துவிட்டு அப்புறம் சாப்பாடு போடுங்கள்.

இன்றைய டாலருக்கு மாற்றுவது

குறியீட்டு எண்ணை வைத்து மாற்றுவது எளிது. 1947-ன் ஆண்டுச் சராசரி 22.3, 2024-க்கு 313.7, வகுத்தால் 14. இதேபோல 1945-க்கு 17.4, 1946-க்கு 16, 1948-க்கும் 1950-க்கும் 13, 1949-க்கு 13.2 என்று பெருக்கலாம். அந்தக் காலத்துப் பத்திரிகையில் 1947-க்கு 159 என்று வேறொரு எண்ணைப் பார்த்தால் பதறாதீர்கள். அப்போது 1935–39-ஐ 100 என வைத்தார்கள், இப்போது 1982–84-ஐ. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்தால் விடை கோமாளித்தனமாக வரும்.

மாற்றிய விடை மொத்தச் சம்பளத்துக்கும் மாதச் செலவுக்கும் பரவாயில்லை. தனிப் பொருளுக்கு ஏமாற்றும். 70 சென்ட் முட்டை இன்றைய 9.80 டாலர் ஆகிறது, ஆனால் 2024-ல் அமெரிக்கக் கடையில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை மூன்று டாலர் சொச்சம். முட்டை அந்தக் காலத்தில் விலை உயர்ந்த உணவு. வீட்டில் தலைகீழ். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் மொத்தமாகக் கட்டிய லெவிட்டவுன் புறநகரில் 1949-ல் 7,990 டாலருக்கு விற்ற வீடு கணக்குப்படி 1,05,000 டாலர்தான். லாங் ஐலண்டில் இன்று அந்த விலைக்குக் கனவில்தான் வீடு வாங்கலாம். குறியீட்டுக்குள்ளேயும் ஒரு பலவீனம் உண்டு. கட்டுப்பாட்டுக் காலத்தில் கள்ளச்சந்தை விலையும், விலையை ஏற்றாமல் தரத்தைக் குறைத்த தந்திரமும் அதில் முழுமையாகப் பதியவில்லை. அதனால் 1945 நிஜத்தைவிடச் சற்று மலிவாகத் தெரியும்.

கிடைத்ததா, யாருக்குக் கிடைத்தது?

1946-ல் கார் விலை என்னவென்று தெரிந்துகொண்டால் போதாது. பெயரைப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த காரும் 1942 மாடலை லேசாகப் பூசிமெழுகியதுதான். சில விற்பனையாளர்கள் தேவையில்லாத உபரி சாமான்களைக் கட்டாயமாகத் தலையில் கட்டினார்கள், பழைய காரை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார்கள், ரசீதில் வராத ரொக்கமும் வாங்கினார்கள். பத்து மைல் ஓடிய "பழைய" கார் புதுக் காரைவிட அதிக விலைக்கு விற்றது இந்தக் காலத்தில்தான்.

புதுப் பொருளின் முதல் விலையையும் நம்பாதீர்கள். 1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க் கிம்பெல்ஸ் கடையில் ரெய்னால்ட்ஸ் பந்துமுனைப் பேனா 12.50 டாலருக்கு வந்தது, கூட்டம் அலைமோதியது. சில ஆண்டுகளில் அதே வகைப் பேனா ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. 1949-ல் ஒரு குமாஸ்தா சட்டைப்பையில் அதைச் செருகியிருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

தவணையில் வாங்கும் காட்சி என்றால் மத்திய வங்கியின் "ரெகுலேஷன் டபிள்யூ" என்ற தவணைக் கடன் கட்டுப்பாடு அமலில் இருந்ததா என்று பாருங்கள். 1947 நவம்பர் 1-ல் அது நீங்கியது, 1948 செப்டம்பர் 20-ல் திரும்பி வந்தது, 1949 ஜூன் கடைசியில் மறுபடி போனது, 1950 செப்டம்பரில் மீண்டும் வந்தது. 1948 விதியின்படி காருக்கு மூன்றில் ஒரு பங்கு கையில் இருக்க வேண்டும். அந்த மாதங்களில் "முன்பணம் இல்லாமல் கார்" என்று எழுதினால் தெரிந்தவர் சிரிப்பார்.

வீடு வேறு கதை. போர்வீரர்களுக்கான சட்டத்தின் கடன் உத்தரவாதத்தால் லெவிட்டவுனின் 7,990 டாலர் வீட்டை ஒரு முன்னாள் வீரர் முன்பணமே இல்லாமல் மாதம் 58 டாலருக்கு எடுக்க முடிந்தது. கறுப்பின வீரருக்கு அதே கடன் தகுதி காகிதத்தில் இருந்தும் அங்கே கதவு சாத்தியிருந்தது. விலைப்பட்டியல் இதைச் சொல்லாது. நாடெங்கும் பார்த்தாலும் 1950 கணக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வீடுகளில் முழுமையான குழாய் வசதி இல்லை. பத்துக்கு ஆறு வீடுகளில்தான் தொலைபேசி, அதிலும் பலது பக்கத்து வீட்டோடு பகிர்ந்த லைன். உங்கள் கதையில் இந்தியர் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை பெறுகிறார் என்றால் அது 1946 ஜூலை 2-க்குப் பிறகு இருக்கட்டும். அன்று கையெழுத்தான சட்டம்தான் அந்த வழியைத் திறந்தது, குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர்.

பொழுதுபோக்கும் செய்தியும்

1946-ல் அமெரிக்கர்கள் வாரம் ஒன்பது கோடி டிக்கெட் வாங்கினார்கள் என்பது பொதுவான கணிப்பு. ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம், கார்ட்டூன், செய்திப்படம். காட்சிகள் இடைவிடாமல் ஓடும். பாதியில் நுழைந்து, விட்ட பகுதி மறுபடி வரும்வரை உட்கார்ந்திருப்பது சகஜம். படம் முதலில் நகர மையத்தின் பெரிய கொட்டகையில் அதிக விலைக்கு ஓடும், பிறகே பேட்டைக் கொட்டகைக்கும் சிற்றூருக்கும் இறங்கும். ஆகவே படத்தின் வெளியீட்டுத் தேதியை வைத்து கான்சஸ் சிற்றூரில் காட்சி எழுதாதீர்கள். அந்த ஊர்ப் பத்திரிகையின் கொட்டகை விளம்பரத்தைப் பாருங்கள்.

வானொலியில் நேரம்தான் கண்ணி. வலையமைப்புகளின் நிகழ்ச்சி அட்டவணைகள் பெரும்பாலும் கிழக்கு நேரத்தில் இருக்கும். கிழக்கில் இரவு 9 என்றால் சிகாகோவில் 8, கலிஃபோர்னியாவில் 6. சில நிகழ்ச்சிகளை மேற்குக் கரைக்கென்று மூன்று மணி நேரம் கழித்து மறுபடி நேரலையில் நடித்தார்கள். போர்க்கால நேரம் 1945 செப்டம்பர் கடைசியில் முடிந்த பிறகு, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பது 1966 வரை ஊருக்கு ஊர் அவரவர் இஷ்டம். ஒரே மாவட்டத்தில் இரண்டு ஊருக்கு இரண்டு நேரம் இருக்கலாம். நிகழ்ச்சி எந்த வலையமைப்பில் என்பதும் மாறும்: நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னி 1948 முடியும்வரை என்.பி.சி., 1949 ஜனவரி 2 முதல் சி.பி.எஸ்.

தொலைக்காட்சியில் இன்னும் கவனம் வேண்டும். 1950-ல் நூறு வீட்டில் ஒன்பதில்தான் பெட்டி. போர் முடிந்ததும் வந்த 10 அங்குலப் பெட்டி 300 டாலருக்கு மேல், தொழிற்சாலைக் கூலியில் ஆறு வாரச் சம்பளம். ஆண்டெனா பொருத்தத் தனிக் காசு. அதனால்தான் மதுக்கடைகளும் தொலைக்காட்சி விற்கும் கடைகளின் ஜன்னல்களும் கூட்டத்தை இழுத்தன. 1948 செப்டம்பர் 30 முதல் 1952 ஏப்ரல் வரை புது நிலையங்களுக்கு அனுமதியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. டென்வரிலும் போர்ட்லண்டிலும் 1952 வரை உள்ளூர் நிலையம் கிடையாது. கிழக்கையும் மத்திய மேற்கையும் இணைத்த கேபிள் 1949 ஜனவரி 11-ல் வந்தது. கரைக்குக் கரை நேரலை 1951 செப்டம்பரில். ஆகவே 1950-ல் லாஸ் ஏஞ்சலஸ்காரர் நியூயார்க் நிகழ்ச்சியைத் திரையிலிருந்து படமெடுத்த பிரதியாகத்தான், சில நாள் தாமதமாகப் பார்த்தார்.

செய்தி ஒருவரை எப்போது எட்டியது என்பதற்கும் வரிசை உண்டு. முதலில் வானொலி: வார நாள்களில் செய்தியாளர் எட்வர்ட் மர்ரோ 1947 செப்டம்பர் 29 முதல் மாலை 7.45-க்கு சி.பி.எஸ்.-ல், ஞாயிறு இரவு 9-க்கு வால்ட்டர் வின்ச்சல். அடுத்தது காலைத்தாள், மாலைத்தாள். செய்திப்படம் வாரம் இருமுறை வெளியானாலும் சின்னக் கொட்டகைக்குப் பழைய ரீல்தான் வாடகைக்கு மலிவு என்பதால் வாரக்கணக்கில் பிந்தும்.

பத்திரிகையில் தேதியோடு பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் பல பதிப்புகள் வரும், தலைப்பு மாறிக்கொண்டே இருக்கும். அதிபர் தேர்தலில் "ட்ரூமனை டூயி வென்றார்" என்று 1948 நவம்பர் 3 சிகாகோ டெய்லி டிரிப்யூன் போட்ட தவறு அந்த நாளின் முந்தைய பதிப்புகளில்தான். அச்சுக் கோர்ப்பவர்கள் முந்தைய நவம்பரிலிருந்தே வேலைநிறுத்தத்தில் இருந்ததால், பக்கங்களைத் தட்டச்சு செய்து படமெடுத்து அச்சிட வேண்டியிருந்தது. அதற்கு நேரம் அதிகம் பிடித்ததால் வழக்கத்தைவிட முன்கூட்டியே முதல் பதிப்பை மூடினார்கள். பிந்தைய பதிப்பை வாங்கிய சிகாகோக்காரர் கையில் அந்தத் தலைப்பு இருந்திருக்காது.